டை கட்டிய படம்

முதல் குத்திலேயே கார் கழுவுகிறவனின் பல் ஒன்று சோப்பு நுரைக்குள் போய் விழுந்தது.

குத்தியவன் பால்ராஜ். தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், மனைவி ஷேரனோடு வேனைக் கழுவ டத்தோ கெராமாட் சாலையில் இருக்கிற கார் கழுவும் கடைக்கு வந்திருந்தான். எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும் என்று சொன்ன வாயின் ஈரம் இன்னும் காயவில்லை. தண்ணீர்க் குழாயோடு நிமிர்ந்த முகத்தைப் பார்த்தான். வாய் திறக்குமுன் கை போய்விட்டது.

அந்த முகம் அவனுக்கு மனப்பாடம்.

பேஸ்புக்கில் அதன் பெயர் ‘ஏஜென்ட் ரிக்கி’. நீல நிற டை, படிய வாரிய தலை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போல ஒரு சிரிப்பு. கீழே எந்நேரமும் அதே வரிகள்: ‘வணக்கம்! வேலை தேடுறீங்களா? பேங்காக்ல கஸ்டமர் சர்வீஸ். எட்டாயிரம் வெள்ளி சம்பளம். சாப்பாடு, ரூம் ஃப்ரீ. இன்பாக்ஸ் வாங்க.’

பால்ராஜின் தம்பி நாதன் இன்பாக்ஸ் போனான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் விமானம் ஏறினான்.

ஒரே ஒரு குரல் செய்தி வந்தது. இது பேங்காக் இல்லை, முள்வேலி போட்ட இடம், பேஸ்புக்கில் ஆட்களை ஏமாற்றச் சொல்கிறார்கள், மாட்டேன் என்றால் அடிக்கிறார்கள் என்று அழுதான். அதன் பிறகு சத்தமே இல்லை. ஈஸ்டரும் வந்து போய்விட்டது.

பால்ராஜ் போலீசுக்குப் போனான். பத்திரிகைக்குப் போனான். கடைசியில் ரிக்கிக்கே எழுத ஆரம்பித்தான். முதலில் காலில் விழாத குறையாகக் கெஞ்சினான். அப்புறம், கையை வெட்டுவேன், குடலை உருவி மாலையாகப் போடுவேன் என்று தினமும் எழுதினான். எழுதியதையெல்லாம் ரிக்கி படித்தான். ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை.

இப்போது அந்த ரிக்கி அவன் காலடியில் கிடந்தான்.

“எங்கடா என் தம்பி? சொல்றா!”

“நான் இல்லண்ணே! என் பேரு மோகனராஜ். வேலை இல்லாம இருந்தப்ப பேஸ்புக் குரூப்ல போட்ட போட்டோண்ணே அது. எவனோ எடுத்துட்டான். சத்தியமா லா!”

மாட்டிக்கொண்டவன் எவன்தான் சத்தியம் செய்யவில்லை? பால்ராஜுக்கு வெறி இன்னும் ஏறியது. விலாவில் உதைத்தான். தண்ணீர்த் துப்பாக்கியைப் பிடுங்கி முகத்துக்கு நேராக விசையை அழுத்தினான். மோகனராஜ் மூச்சுக்குத் தவித்துக் கையை முன்னால் நீட்டினான். அந்தக் கையைப் பார்த்ததும் பால்ராஜின் கண் அதிலேயே நின்றது. தம்பிக்குத் தேனாக எழுதி வரவழைத்தது இந்தக் கைதானே?

பூசைக்குப் போட்ட சப்பாத்தோடு அதன் மேல் ஏறி மிதித்தான். விரல்கள் முறிகிற சத்தம் தண்ணீர் இரைச்சலையும் தாண்டிக் கேட்டது. அந்தச் சத்தம் அவனுக்கு இனித்தது. இத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் தம்பிக்காக ஏதோ செய்தது போலிருந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஆள் கடத்துகிற ஏஜென்டாம் என்று யாரோ சொன்னது போதும், கும்பலோடு கோவிந்தா என்று ஆளாளுக்கு ஒரு கை பார்த்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றி அதனாலேயே முதுகில் போட்டான். கடையின் சீன முதலாளி குறுக்கே வந்து, ஓர் இடி வாங்கிக்கொண்டு ஒதுங்கினார்.

ஊருக்கே எட்டாயிரம் வெள்ளி சம்பளம் வாங்கித் தருகிறவன் எதற்காக ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கார் கழுவுகிறான் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தர்ம அடிக்கு என்றைக்குக் கேள்வி பதில் இருந்திருக்கிறது?

ஷேரன் சும்மா நிற்கவில்லை. எல்லாவற்றையும் பேஸ்புக்கில் நேரலையாக விட்டுக்கொண்டிருந்தாள். ஊர் பார்க்கட்டும் என்று ஏஜென்ட் ரிக்கியின் கணக்கையும் அதில் டேக் செய்திருந்தாள். ‘விடாதீங்க’, ‘கொல்லுங்க அந்த நாய’ என்று கமெண்டுகள் மேலே மேலே ஏறின.

திடீரென்று அவள் ஒரு கமெண்டை உற்றுப் பார்த்தாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து போனைக் கணவனின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

புதிதாக ஒரு கமெண்ட். பக்கத்தில் நீல டை கட்டிய அதே படம். படத்துக்கு உரியவனின் கை பால்ராஜின் சப்பாத்துக்கு அடியில் இருந்தது.

‘அண்ணி, அண்ணன நிறுத்துங்க. அந்த ஆளு பாவம், படம் மட்டும்தான் அவரோடது. ஈஸ்டர்லேர்ந்து என்னைத்தான் அடிச்சு இந்த ஐடில உக்கார வச்சிருக்காங்க. நான் நாதன்.’

பால்ராஜ் மெதுவாகக் காலை எடுத்தான். கையை வெட்டுவேன், குடலை உருவுவேன் என்று தான் எழுதியதெல்லாம் வரிவரியாக நினைவுக்கு வந்தது. போனைப் பிடுங்கி அதற்குள் கத்தினான்.

“நாதா! எங்கடா இருக்க? அண்ணன்டா! எங்கடா இருக்க?”

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கமெண்ட் மறைந்தது.

தரையில் கிடந்த குழாயிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மோகனராஜ் முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுருண்டான்.

சற்று நேரத்தில் நீல டை மறுபடி வந்தது.

‘வணக்கம்! வேலை தேடுறீங்களா? பேங்காக்ல கஸ்டமர் சர்வீஸ். எட்டாயிரம் வெள்ளி சம்பளம். சாப்பாடு, ரூம் ஃப்ரீ. இன்பாக்ஸ் வாங்க.’

அதற்குக் கீழே யாரோ ஒரு பெண், ‘இன்பாக்ஸ் வந்துட்டேன் அண்ணே’ என்று எழுதியிருந்தாள்.