நரம்பு தேடும் ஆமை

"என்னம்மா லிட்டியா, இன்னுமா அக்குள்லயே குடியிருக்கே? இந்நேரம் ஒரு ரக்பி மாட்சே முடிஞ்சிருக்கும்!"

ஆபரேஷன் தியேட்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் பெரிய டாக்டர் அபிசாய். மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு அக்குளில் இருக்கும் நெறிக்கட்டிகளை நாற்பதே நிமிஷத்தில் எடுப்பவர் என்று ஃபிஜித் தலைநகர் சுவா முழுக்கப் பேர் வாங்கியவர். லிட்டியாவுக்கு அதே வேலை இரண்டு மணி நேரம் பிடிக்கும். அவளுக்கு 'ஆமை' என்று பட்டம் கட்டியதும் அவர்தான்.

"நரம்பைத் தேடறேன் சார்."

"தேடறதுக்கு அது என்ன தொலைஞ்சா போச்சு? புஸ்தகத்துல போட்ட இடத்துலதான் இருக்கும். வெளியே மூணு பேர் வெறும் வயித்தோட காத்துக்கிட்டிருக்காங்க."

அதுவும் நியாயம்தான். லிட்டியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் மேஜையில் படுத்திருந்த மகெரெட்டா, சந்தையில் மரவள்ளிக்கிழங்கு விற்பவள். அந்த நரம்பு அறுந்தால் கை தோளுக்கு மேலே போகாது. அப்புறம் மூட்டையை யார் தூக்குவது?

"இங்கே பாருங்க சார்."

ஒன்றாக இருக்க வேண்டிய ரத்தக்குழாய் இரண்டாக ஓடியது. விலா எலும்பை ஒட்டிக் கிடக்க வேண்டிய நரம்போ, வெட்டி எடுக்க வேண்டிய கொழுப்புக்கு நடுவே ஹாயாகப் படுத்திருந்தது.

அபிசாய் குனிந்து பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆயிரத்துல ஒண்ணு. இதுக்காக எல்லாருக்கும் தேடிக்கிட்டிருக்க முடியுமா? திங்கக்கிழமையிலேருந்து இந்த ஆபரேஷனையெல்லாம் ஃபிலிமோனி செய்யட்டும். நான் பழக்கின ஆளு, அப்படியே என் கை. நீ வார்டுல கட்டுப் பிரிச்சுக்கிட்டிரு."

நர்ஸ் கெலேரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். லிட்டியாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் அவசரப்படாமல்தான் தைத்து முடித்தாள்.

வெள்ளிக்கிழமை அவள் அறைக்கு அபிசாயே வந்தார். கையில் ஒரு ஃபைல்.

"லிட்டியா... என் சம்சாரம் சலானியெட்டாவுக்கும் அதே நோய்தான். சொந்தக்காரங்க மேல நான் கத்தி வைக்கக் கூடாது. திங்கக்கிழமை நீ செய்யணும்."

"நானா? எனக்கு ரெண்டு மணி நேரம் ஆகுமே சார்."

"நாலு மணி நேரம் எடுத்துக்கோம்மா."

"ஃபிலிமோனி இருக்காரே! அப்படியே உங்களை மாதிரியே செய்வாரே சார்?"

அபிசாய் கதவைச் சாத்திவிட்டு, மெல்லிய குரலில் சொன்னார்.

"அதனாலதாம்மா வேண்டாங்கறேன்."