ஒற்றைப் புருவம்

“மூக்குக்கண்ணாடிய மாட்டிக்கினு ஒரு தடவ பாக்குறீங்களாக்கா?”

திருவள்ளூர் பார்லரில் புருவம் எடுத்து முடித்ததும் அந்தப் பெண் ஒருமுறை ஈஸ்வரியிடம் இப்படிக் கேட்டாள். பார்லர்க்காரி செண்பகம் ‘ரம்யா, ரம்யா’ என்று கூப்பிடும் பெண். “எதுக்கும்மா? உன் கை மேல எனக்கு நம்பிக்க இருக்குது” என்று சொல்லி, கண்ணாடியைப் பையிலிருந்து எடுக்காமலே ஈஸ்வரி எழுந்து வந்துவிட்டாள்.

ரெண்டு வருடமாக அவளுக்கு ரம்யாதான். பார்லருக்குள் நுழைந்ததுமே கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுவிடுவாள்; கழற்றிவிட்டால் எதிரில் நிற்பவர் முகம் ஈஸ்வரிக்கு வெறும் புகை. முகம் எதற்கு? கை போதும். அதோடு, நூலைப் பிடித்தால் வேலை முடியும்வரை வாயே திறக்காத பெண்.

இப்போது முட்டி வீங்கி, பார்லரின் மாடிப்படி ஏற முடியவில்லை. சாயங்காலம் நாலு மணிக்கு மகள் நந்தினிக்குப் பூ வைக்க, கும்மிடிப்பூண்டி கம்பெனியில் வேலை செய்யும் மாப்பிள்ளையின் வீட்டார் வருகிறார்கள். எதிர்வீட்டுச் சின்னப்பொண்ணுதான் யாருக்கோ போன் போட்டு, வீட்டுக்கே வந்து செய்கிற சோனியா என்ற பெண்ணைத் திருப்பாச்சூருக்கு வரவழைத்துக் கொடுத்தாள்.

வாசலில் வந்து நின்றவளைப் பார்த்ததுமே ஈஸ்வரி முகம் சுளித்தாள். வெயிலில் ஸ்கூட்டி ஓட்டி வந்த வியர்வை, புழுதி படிந்த காலில் ரப்பர் செருப்பு.

“அக்கா, நான் வந்து...”

“கதையெல்லாம் அப்பறம். மொதல்ல சோப்பு போட்டுக் கை கால் கழுவு. அந்தப் பைய சோபா மேல வெக்காத, கீழ வை.”

நந்தினி எவர்சில்வர் டம்ளரில் டீ கொண்டுவந்து கொடுத்தாள். அவள் காதருகே போய், “ஊட்ல பேப்பர் கப்பு இல்லியா? அந்த டம்ளர தனியா வை” என்றாள் ஈஸ்வரி. காதுக்குள் சொன்னாலும் அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கும் குரல் அவளுக்கு.

“தொழிலுக்குப் புதுசா?”

“தனியா ஆரம்பிச்சி ஒரு வாரம்தான்க்கா ஆவுது. நீங்கதான் மொத கஸ்டமரு.”

“நல்லா வந்துச்சின்னா கல்யாணத்துக்கு எங்க ஊட்டுப் பொம்பளைங்க பத்து பேரும் உங்கிட்டதான். ஆனா ஒண்ணு, எனக்கு ரம்யான்னு ஒரு பொண்ணு பண்ணும். அது மாதிரி சுத்தபத்தமா இருக்கணும்.”

சோனியா தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். திமிரைப் பார் என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

பீரோ கண்ணாடிக்கு எதிரே நாற்காலியில் சாய்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக் கண்ணை மூடினாள். இடது புருவ ஓரத்தில், முடிக்குள் மறைந்திருக்கும் அம்மைத் தழும்பில் நூல் பட்டால் அவளுக்கு உயிர் போகும். அந்த இடத்தில் யாரும் சொல்லாமலே ஒரு கட்டைவிரல் அழுத்திக்கொண்டது. வலிக்கவே இல்லை.

“எங்க, பாக்கலாம்” என்று கண்ணாடியை மாட்டினாள். இடது புருவம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. திருப்தியாகத் தலையை ஆட்டப் போனவள், பின்னால் நின்ற சோனியாவைப் பீரோ கண்ணாடியில் பார்த்தாள்.

வலது புருவத்துக்காக நூலை இழுத்து, அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள் சோனியா. நூலில் எச்சில் மினுங்கியது.

“அடச்சீ! இன்னாடி அது வாயில?”

சோனியா பதறி நூலை எடுத்தாள். “நூலுதான்க்கா. ரெண்டு கை பத்தாது, ஒரு நுனிய பல்லுல கடிச்சிக்கினாத்தான் ஓடும். எல்லாரும் அப்படித்தான்...”

“எல்லாரும் இல்ல! ரம்யா இந்த அசிங்கமெல்லாம் பண்ணாது. உன் எச்சி நூலையா என் மூஞ்சில ஓட்டுன? நல்ல நாளும் அதுவுமா!”

முட்டிவலியையும் மறந்து குழாயடிக்கு ஓடினாள். சோப்பு, மஞ்சள், மறுபடி சோப்பு. தேய்த்த தேய்ப்பில் தோல் எரிந்தது. அப்படியும் இடது புருவத்தில் ஈரமாக ஏதோ ஊர்வது போலவே இருந்தது.

“நூல கழுத்துல கட்டிக்கினு பண்ணிடறேங்க்கா. இன்னும் ஒண்ணுதான் பாக்கி” என்றாள் சோனியா மெதுவாக.

“நீ தொடவே வேணாம். எங்கெங்கருந்தோ கெளம்பி வந்துடுதுங்க! பத்து பேர் இல்ல, எங்க ஊட்டு நாயிகூட உங்கிட்ட வராது. கெளம்பு.”

சோனியா பவுடர் டப்பாவையும் நூல்கண்டையும் துண்டில் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போனாள். நந்தினி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் கோடு, இன்னொரு பக்கம் கம்பளிப்பூச்சி.

“மணி ரெண்டர ஆவுதும்மா. இப்படியேவா போயி சம்பந்தி முன்னாடி நிப்ப?”

“ஆட்டோ வெச்சாவது ரம்யாவக் கூப்டுக்கலாம். செண்பகத்துக்குப் போன் போடு.”

நந்தினி ஸ்பீக்கரில் போட்டாள். “ஐயோ, அது நின்னு ஒரு வாரம் ஆச்சேக்கா” என்றாள் செண்பகம். “கடையிலதான் அதுக்கு ரம்யான்னு பேரு. நம்பர் தரேன், கூப்புடுங்க. உங்க மேல அதுக்கு ரொம்பப் பிரியம், நீங்கன்னா ஓடி வரும்.”

நந்தினி எண்களை அழுத்தினாள்.

கேட்டுக்கு வெளியே ஒரு போன் அடித்தது. ஸ்கூட்டியில் உட்கார்ந்திருந்த சோனியா போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, வாசலுக்கு வந்து நின்ற ஈஸ்வரியின் வலது புருவத்தை ஒரு கணம் பார்த்தாள்.

“அம்மா... ரம்யா இவங்கதாம்மா.”

போனை நிறுத்திப் பைக்குள் போட்டுக்கொண்டு, வாயே திறக்காமல் சோனியா வண்டியைக் கிளப்பிப் போய்விட்டாள்.