வானத்தில் இரண்டு துண்டு

உடையாத பொம்மையெல்லாம் நல்ல பொம்மை என்று யார் சொன்னது?

அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்கத் தெம்பில்லை. அதற்குள் விற்பனைக்காரர் ஒரு மர யானையைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் போட்டுக் காட்டினார். யானைக்கு ஒன்றும் ஆகவில்லை. கீழ்த்தளத்திலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள்.

"பாத்தீங்களா? ஏறி மிதிச்சாலும் அப்படியே இருக்கும் மேடம். உங்க பேரப்பிள்ளைங்க காலத்துக்கும் வரும்."

"எனக்கே இன்னும் கல்யாணம் ஆகல. பேரப்பிள்ளைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் கண்காணிப்பாளர். "அக்காவைக் கேளுங்க. இந்த ரூமுக்கு அவங்கதான் ராணி."

அந்த ராணி, பால் கறை படிந்த விரிப்பில் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

குடும்ப நீதிமன்றத்தின் குழந்தைகள் அறை அது. வீட்டைவிட்டுப் பிரிந்துபோன அப்பாவோ அம்மாவோ சனிக்கிழமை வந்து ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போகும் இடம். சும்மா பார்த்துக்கொண்டே இருக்க முடியாது, கையில் ஏதாவது வேண்டும். அதற்குத்தான் பொம்மை.

வருடக்கணக்காக இங்கே பொம்மை தேர்ந்தெடுப்பவள் அவள். பேட்டரி பொம்மை உதவாது. அது பேசும், இவர்கள் பேசமாட்டார்கள். பந்து நல்லது, உருட்டிவிட்டால் எதிரில் இருப்பவர் திருப்பி உருட்டித்தான் ஆக வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளை என்று குடும்பமாக வரும் பொம்மைகளை வாங்கவே கூடாது. பிள்ளைகள் யாராவது ஒருவரை அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுகிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் ஒருமுறை ஏமாந்தாள். தடித்த மரத்துண்டுகளைப் பொருத்தினால் ஒரு மாடு வரும். எறிந்தாலும் கடித்தாலும் உடையாது என்று ஆசையாக வாங்கினாள். ஒரு பையன் கண்ணை மூடித் திறப்பதற்குள் பொருத்திவிட்டான். மீதி நேரம் முழுக்க அவனும் அவன் அம்மாவும் அந்த மாட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அட்டைப் பஸில் வாங்கினாள். ஓரமெல்லாம் பிய்ந்துவரும் மட்டமான அட்டை. கீழே சின்னதாக ஒரு கப்பல். அதற்கு மேலே வானம், வானம், இன்னும் வானம். ஒரே நீலம். எந்தத் துண்டு எங்கே என்று பிடிபடவே வாரக்கணக்காகும்.

முன்பல் விழுந்த ஒரு சிறுமி முதல் நாளே அப்பாவிடம் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்தப் படம் முடியற வரைக்கும்தான் வருவேன். அப்புறம் கூப்பிடக் கூடாது."

பிள்ளைக்கு விருப்பம் இருந்தால் மட்டுமே சந்திப்பு என்று நீதிபதியும் சொல்லியிருந்தார்.

அப்பா பேருந்து ஓட்டுநர். "சரி பாப்பா" என்று தரையில் சம்மணமிட்டார். காய்த்துப்போன விரல்களால் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலத்தைத் தவிர இருவருக்கும் பேச எதுவும் இல்லை.

"இது லேசா வெளுத்திருக்கு பாரு."

"அது மேகம். இதுகூடத் தெரியலயா?"

வாராவாரம் பாதியில் நிற்கும் படத்தை இந்த அறையின் ராணிதான் பலகையோடு தூக்கி அலமாரி மேல் வைத்து, மற்ற பிள்ளைகள் கை படாமல் துணி போர்த்துவாள். இறக்கும்போது ஒருமுறை, ஏற்றும்போது ஒருமுறை இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

கண்காணிப்பாளர் இப்போது எக்கி அந்தத் துணியை விலக்கினாள்.

"அக்கா! முடிஞ்சே போச்சே. வானத்துல ரெண்டு துண்டுதான் குறையுது."

விற்பனைக்காரர் எட்டிப் பார்த்தார். "அட, இது நம்ம கம்பெனி படம். வண்டியில ஒரு பெட்டி கிடக்கு. அந்த ரெண்டையும் எடுத்துத் தந்துடறேன், காசெல்லாம் வேணாம்."

"நல்ல மனசுங்க உங்களுக்கு. குழந்தை வந்ததும் முடிச்சுட்டுக் கை தட்டும்ல? வாங்கிக்கோங்கக்கா."

கண்காணிப்பாளரின் முகத்தில் உண்மையான சந்தோஷம். அதைப் பார்க்கவே அவளுக்கு ஆயாசமாக இருந்தது.

போன சனிக்கிழமை, கிளம்பும் நேரத்தில், ஷூ மாட்டிவிடக் குனிந்தவளின் உள்ளங்கையில் சிறுமி எதையோ திணித்தாள். ஈரமான ஒரு நீலத் துண்டு.

"தொலைஞ்சுபோச்சுன்னு சொல்லிடுங்க ஆன்ட்டி. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

சரி என்று தலையாட்டி அனுப்பிவைத்தாள். விரிப்பைக்கூட மடித்திருக்கமாட்டாள், குடையை மறந்துவிட்டேன் என்று அப்பா திரும்பி வந்தார். குடை அவர் கையிலேயே இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து இன்னொரு நீலத் துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"பாப்பாவுக்குத் தெரிய வேணாம்மா."

ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் கொடுத்த இரண்டும் அவளுடைய கைப்பையில் கிடந்தன. வாரம் முழுக்க அந்தப் பை என்னவோ கனத்தது.

விற்பனைக்காரர் வண்டிச் சாவியோடு வாசலைத் தாண்டப் போனார்.

"வேண்டாங்க" என்றாள்.

"ஏன்க்கா?"

"வெளியேர்ந்து ஒண்ணும் வேண்டாம்" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்து எழாமலே. "ரெண்டும் இங்கதான் எங்கேயோ இருக்கு. அவங்க ரெண்டு பேருமே தேடட்டும்."