மாகறல் குயிலம்மாள்

“பாட்டுப் பெட்டிக்குச் சாவி குடுக்கலாம், பாட்டுக்கு…” என்று கோதண்டபாணியின் பெரியப்பா அடிக்கடி ஏதோ சொல்வார். பின்பாதி யாருக்கும் நினைவில்லை. பெட்டி மட்டும் கோதண்டபாணிக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு டிரான்சிஸ்டர் வந்துவிட்ட காலம். அந்த ரோஷத்திலேயே, பழைய கிராமபோன் வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடிச் சங்கம் வைத்துவிட்டார்கள். தலைவர் கோதண்டபாணி. மாதக் கூட்டம் அவர் வீட்டில், தறிக்குப் பக்கத்தில்.

சங்கத்தின் பொக்கிஷம் ஓர் இசைத்தட்டு. வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டும் பாட்டு. லேபிளைக் கரப்பான் தின்றதுபோக மிச்சம் ‘மாகறல்’ என்ற ஊர்ப்பெயர் மட்டும். குரலைக் கேட்டுவிட்டுக் கோதண்டபாணியே பெயர் வைத்தார்: மாகறல் குயிலம்மாள்.

அந்தத் தட்டு அவர் பெட்டியில் மட்டும்தான் சுழலும். வேறு பெட்டியின் ஊசி பட்டால் குயிலுக்கு வலிக்குமாம். பாதிப் பாட்டிலேயே எழுந்துபோய் மறுபடி சாவி கொடுப்பார். குயிலின் குரல் தளர விட்டதே இல்லை.

“தலைவரே, உங்க பெட்டி சுத்தல, பறக்குது. எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கினே பாடற மாதிரி இருக்குது. ஸ்பீடு திருகைக் கொஞ்சம் லூசு பண்ணட்டுமா?” என்பார் உறுப்பினர் சாமுவேல்.

“கைய வச்சே, ஒடிச்சிடுவேன். அது சுறுசுறுப்புபா.”

இந்த மாதம் குயிலம்மாளுக்குப் பாராட்டு. மாகறல் டீக்கடையில் நோட்டீஸ் ஒட்டியாயிற்று. கோதண்டபாணி தன் கையால் நெய்த அரக்குப் பட்டுப் புடவை தாம்பாளத்தில். பக்கத்தில் ரோஜா மாலை.

“கட்டினவளுக்கு நூல் பொடவை. மூஞ்சியே பாக்காத குயிலுக்குப் பட்டு,” என்றாள் அவர் மனைவி அலமு, காபி டம்ளரை ‘ணங்’கென்று வைத்து.

“கலைம்மா இது, கலை!”

“கலை வந்து நின்னா நீங்க என்னா ஒளறப் போறீங்கன்னு பாக்கத்தான் நானும் தலை வாரிக்கினு காத்திருக்கேன்.”

வாசலில் வந்து நின்றது குயில் அல்ல. முண்டாசு, நரைத்த மீசை, கையில் மஞ்சள் பை.

“மாகறல்லேர்ந்து வர்றேன். பேரு கண்ணாயிரம். டீக்கடையில நோட்டீசு பாத்தேன்…”

“அம்மா எங்க?” கோதண்டபாணி மாலையும் கையுமாக அவரைத் தாண்டித் தெருவை எட்டிப் பார்த்தார். “வண்டியில இருக்காங்களா? நான் வந்து கை குடுக்கட்டுமா?”

உள்ளே பெட்டியில் குயில் பாடிக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் பெட்டியின் பித்தளைக் குழாயைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். மாலையோடு தெருவையே எட்டிப் பார்த்து நிற்பவரைப் பார்த்தார். முண்டாசுக்குள் விரலை விட்டுச் சொறிந்தார்.

“அது… எங்க அக்காபா. போய்ச் சேந்துட்டுது.”

மாலை தொங்கிப்போயிற்று.

செயலாளர் துரைக்கண்ணு துள்ளி எழுந்தார். “பட்டுப் பொடவைன்னதும் தம்பி மொளைச்சிட்டாரு பாத்தீங்களா! விட்டா நாளைக்கு மாமன், மச்சான்னு மாகறலே கெளம்பி வரும். யோவ், நீ தம்பிங்கிறதுக்கு என்ன அத்தாட்சி?”

கண்ணாயிரம் யோசித்தார்.

“ரெண்டாவது அடி முடியற எடத்துல ஆர்மோனியக்காரர் தும்முவாரு. மூக்குப்பொடி. திரும்பப் பாடட்டுமான்னு கேட்டதுக்கு, ரெக்கார்டு கம்பெனிக்காரங்க போதும் போன்னுட்டாங்க.”

“தும்மலா!” துரைக்கண்ணு பதறினார். “அந்த எடத்துல அம்மா ஒரு பிருகா போடுவாங்கய்யா! அதுக்குத்தான் மாசாமாசம் எழுந்து நின்னு கை தட்டறோம்!”

சாமுவேல் ஊசியைத் தட்டின் தொடக்கத்தில் வைத்தார். சங்கம் மொத்தமும் குழாயை நோக்கிக் குனிந்தது.

‘அச்ச்சு!’

சங்கம் மெதுவாக நிமிர்ந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அலமு மட்டும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

“நெஜமாவே தம்பிதான்.” கோதண்டபாணி தாம்பாளத்தை எடுத்து நீட்டினார். “இத நீங்களே எடுத்துக்கினு போங்க.”

“எனக்கு எதுக்குபா பொடவை? அக்கா இருந்தா, இந்த வூட்டம்மாவுக்குக் குடுன்னுதான் சொல்லும்.”

அவர் சொல்லி முடிக்குமுன் தாம்பாளம் அலமு கைக்குப் போயிருந்தது.

கோதண்டபாணி துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுத அழுகையில், சாவி கொடுக்க ஒருநாளும் மறக்காதவர் மறந்துபோனார்.

தட்டு தளர்ந்தது. குயிலின் குரல் இறங்கியது. இறங்கி, கனத்து, ஆண்குரலாயிற்று.

கண்ணாயிரம் தன்னை மறந்து கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில், குழாயிலிருந்து வந்ததும் முண்டாசுக்குக் கீழிருந்து வந்ததும் ஒட்டிக்கொண்டன. அதே இழுப்பு. அதே மூக்கு. ஒரே குரல்.

தட்டு நின்றது.

துரைக்கண்ணு வாயைத் திறந்தார். சாமுவேல் அவர் காலை மிதித்தார்.

கண்ணாயிரம் அவசரமாக மஞ்சள் பையைத் தேடினார். “பஸ்ஸுக்கு நேரமாச்சுபா, நான் வர்றேன்.”

கோதண்டபாணி முகத்திலிருந்து துண்டை எடுத்தார். நின்றுபோன பெட்டியையும் கண்ணாயிரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“உங்க அக்காவுக்கு நல்ல குரல்பா,” என்றார்.

ரோஜா மாலையைக் கண்ணாயிரத்தின் கழுத்தில் போட்டார். பிறகு பெட்டியிடம் போய், முழுச் சாவி கொடுத்தார்.