விரல் நடுக்கம்

“கையை நீட்டுங்க” என்றார் டாக்டர். மொழிபெயர்ப்பாளர் இரண்டு கைகளையும் நீட்டினார். விரல் ஒன்றுகூட அசையவில்லை.

“இங்க சாது மாதிரி இருக்கு டாக்டர், வீட்ல வந்து பாருங்க!” என்றாள் அவர் மனைவி. “சாப்பிடும்போது மேசையில ஓடுது, டிவி பார்க்கும்போது சோபாவுல ஓடுது. நேத்து தூக்கத்துல என் முதுகுல பத்து விரலும் ஓடுது. இது என்ன நடுக்கம்னே தெரியல.”

மொழிபெயர்ப்பாளரை வெட்கம் பிடுங்கித் தின்றது. “நடுக்கம் இல்ல டாக்டர். பயிற்சி.”

விஷயம் இதுதான். இத்தனை வருடமாக ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தட்டித் தமிழை வரவழைத்தவர் அவர். ஒரு எழுத்துக்கு இரண்டு தட்டு, மூன்று தட்டு என்று அடித்து மணிக்கட்டு வீங்கியதும், தமிழ்99 விசைப்பலகைக்கு மாறினார்.

“உயிரெழுத்து எல்லாம் இடது கை, மத்ததெல்லாம் வலது கை. மாத்தி மாத்தி அடிக்கிறதால வலி குறையும், வேகம் கூடும்” என்று டாக்டருக்கே பாடம் எடுத்தார். ‘வ’வும் ‘ங’வும் மட்டும் கட்சி மாறி இடது பக்கம் போய் உட்கார்ந்திருப்பதை அவர் சொல்லவில்லை. ‘வ’ எப்படியோ வழிக்கு வந்துவிட்டது. ‘ங’ வரும்போதெல்லாம் வலது கை முந்திக்கொண்டு போய் மானத்தை வாங்கியது.

“வீடு பூரா அந்த கீபோர்டு படம்தான் டாக்டர்” என்றாள் மனைவி. “கண்ணாடியில ஒண்ணு, பிரிட்ஜுல ஒண்ணு, அடுப்புக்கு மேல ஒண்ணு. அடுப்பு பக்கம் இவர் என்னிக்கு வந்து நின்னார், அங்க எதுக்கு ஒட்டணும்?”

டாக்டர் சிரித்துக்கொண்டே மணிக்கட்டை அழுத்திப் பார்க்க ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளரின் மற்றொரு கை தொடைமேல் மெல்ல ஓடியது. பயிற்சிக்கு அவர் எடுத்துக்கொண்ட வாசகங்கள் டாக்டரிடம் சொல்லக்கூடியவை அல்ல.

அடுத்த வாரம் மனைவியின் அண்ணன் வருகிறார். இந்த ஊரில் புது வேலையாம், வீடு கிடைக்கிற வரைக்கும் இவர்களோடுதான் இருப்பாராம். வீடு கிடைக்கிற வரைக்கும் என்றால், கிடைக்காத வரைக்கும் என்று மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாதா?

அண்ணனுக்கு இவருடைய வேலை அறை. இவருடைய மேசைக்குச் சமையலறை மூலை. கையில் இருக்கும் புத்தகமோ பாதிதான் முடிந்திருந்தது. மச்சான் பேச ஆரம்பித்தால் சுவரும் எழுந்து வெளியே போய்விடும். அப்புறம் மீதிப் பாதியை எங்கே முடிப்பது? நினைக்க நினைக்க அவருக்கு அழுகையே வந்தது.

ஆனாலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல வாய் வரவில்லை. பெண்டாட்டியின் பிறந்த வீட்டைப் பற்றி வாயைத் திறந்து பிழைத்தவர் யார்? ஆகவே விரலால் சொன்னார். ‘உன் அண்ணன் வந்தால் நான் சாமியாராய்ப் போய்விடுவேன்’ என்று சாப்பாட்டு மேசையில், அவள் கண்ணெதிரிலேயே அடித்தார். ‘அவன் குறட்டைக்கு ஜன்னல் கதவு கழன்றுவிடும்’ என்று சோபாவின் கைப்பிடியில் அடித்தார். அவளோ “இன்னும் கொஞ்சம் போடட்டுமா?” என்று கரண்டியோடு நின்றாள். இப்படி ஒரு சுகத்தை அவர் கல்யாணமான நாளாய் அனுபவித்ததில்லை.

“வேற ஒண்ணுமில்ல, பழைய வலிதான். போகப் போக சரியாயிடும்” என்றார் டாக்டர்.

மனைவி எழுந்திருக்கவில்லை. “இவர் மேசையைச் சமையலறை மூலைக்கு மாத்தப் போறோம் டாக்டர். பரவாயில்லையா?”

“எதுக்கு மாத்தறீங்க? உயரம், வெளிச்சம் எல்லாம் பழகின இடம். கை வலி இருக்கிறவரை அசைக்காம விடுங்க.”

“கண்டிப்பா கூடாதா டாக்டர்?”

“கண்டிப்பா கூடாது.”

தன் உடம்பின்மேல் இவளுக்கு இவ்வளவு அக்கறையா என்று மொழிபெயர்ப்பாளருக்கு நெஞ்சு இளகிவிட்டது. அவள் அண்ணனைப் பற்றி அடித்ததையெல்லாம் நினைத்துக் கொஞ்சம் வருத்தப்படவும் செய்தார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்தாள். கைப்பையை அவர் மடியில் வைத்துவிட்டு போனை எடுத்தாள்.

“அண்ணே, நான்தான். டாக்டர்கிட்ட வந்தோம்... ஆமா, அவருக்குக் கைதான். மேசையை அசைக்கவே கூடாதுன்னு கண்டிப்பா சொல்லிட்டாங்க. அந்த ரூமை விட்டா வேற இடம் ஏது? நீ ஆபீஸ்ல குடுக்கிற விடுதியிலேயே இருந்துக்க அண்ணே. ஞாயித்துக்கிழமையானா சாப்பிட வந்துடு.”

கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்துவிட்டது. அந்த டாக்டர் பிள்ளைகுட்டியோடு நன்றாயிருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினார் மொழிபெயர்ப்பாளர். முகத்தை மட்டும் கஷ்டப்பட்டுத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

“அடடா, அண்ணன் பாவம். என்னால அவருக்குச் சிரமம்” என்றார்.

“பரவாயில்ல, அண்ணன் ஒண்ணும் தப்பா நினைச்சுக்கல” என்றாள் அவள்.

முகத்தை அடக்கலாம், விரலை அடக்க முடியுமா? மடியில் இருந்த கைப்பையின்மேல், ஆசை ஆசையாக ‘தங்கமே’ என்று அடிக்கத் தொடங்கினார். இரண்டாவது எழுத்தில் வழக்கம்போல வலது கை முந்திக்கொண்டது.

மனைவி குனிந்து ஒரு முறை பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்:

“‘ங’வுக்கு இடது கைங்க.”