மேடத்தின் பேச்சைக் கேட்காதவர்கள்

"நில்லுடி, ஓடாத!" மூன்றாவது பேஸ் அருகே நின்று இரு கைகளையும் உயர்த்திக் கத்தினார் கல்லூரி சாஃப்ட்பால் பயிற்சியாளர் ஜெசிந்தா. பிரின்சி நிற்கவில்லை. புழுதி கிளம்பச் சறுக்கிப் போய் ஹோம் பேஸைத் தொட்டாள். "சேஃப்" என்று நடுவர் கைகளை விரித்தார். அந்த ஒரு ரன்னில் கோப்பை வந்தது. மறுநாள் ஓய்வு பெறும் ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு வருடத்தில் அதுதான் முதல் கோப்பை.

"மன்னிச்சிருங்க மேடம். நீங்க சொல்லியும் ஓடிட்டேன்."

"உங்கம்மாவும் இப்படித்தான். என் முதல் டீம்ல ஆடுனப்ப ஒரு மேட்ச்லயும் என் பேச்சைக் கேட்டதில்ல."

"திட்டுவீங்களா?"

"எப்படித் திட்ட? ஆட்டம் தெரியும்னு பொய் சொல்லி வேலைக்குச் சேந்தவ நான். எனக்கு மட்டை பிடிக்கவே அவதான் சொல்லிக்குடுத்தா. இன்னைக்கு வரைக்கும் உன்கிட்டகூட மூச்சு விடல பாரு."