மார்பில் கட்டிய கைகள்

சன்னல் கண்ணாடியின் நீலம் பனிச்சேறு படிந்த பூட்ஸ்களின் மேல் விழுந்து கிடக்க, ஒஹாயோவின் ஏரிக்கரை ஆலயத்தில் நற்கருணை அப்பம் வாங்கும் வரிசை மெல்ல நகர்கிறது. அப்பம் வழங்கும் ஃபாதர் டெர்மட்டின் கண் மட்டும் வரிசையில் வரும் ஒரு பச்சை மேலங்கியை விட்டு அகலவில்லை. செனட்டர் நோரீன் கேலிவன். கருக்கலைப்பு உரிமைக்கு வாக்களித்த அவருக்கு அப்பம் தரக் கூடாது என்பது ஆயரின் உத்தரவு. வாரம் முழுக்க வாய்க்குள் உருட்டிப் பார்த்த மறுப்பை ஃபாதர் இப்போது இன்னொரு முறை உருட்டிப் பார்க்கிறார். நோரீனுக்குப் பின்னால் லியோ கச்மார். நோரீனுக்கு அப்பம் தரவே கூடாதென்று ஊரெல்லாம் கையெழுத்து வாங்கியவர், எக்கி எக்கிப் பார்க்கிறார். நோரீன் முன்னே வருகிறார். இன்னும் நற்கருணை வாங்கும் வயது வராத பிள்ளைகள் ஆசீர் கேட்டு நிற்பதுபோல், இரு கைகளையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொள்கிறார்.

"பயப்படாதீங்க ஃபாதர், உங்கள இக்கட்டுல விட மாட்டேன். ஆனா வாராவாரம் வருவேன்."

எடுத்த அப்பம் கிண்ணத்துக்கே திரும்புகிறது. ஆசி தர நோரீனின் தலையில் வைத்த ஃபாதரின் உள்ளங்கையில் பனி உருகிய ஈரம் ஒட்டுகிறது. பச்சை மேலங்கி ஓசையில்லாமல் விலகிப் போகிறது.

"என்ன ஃபாதர், இல்லேன்னுட்டீங்களா?" லியோவின் குரலில் ஆவல்.

"அவங்க கேக்கவே இல்ல, லியோ."

ஃபாதர் அப்பத்தை உயர்த்துகிறார். "கிறிஸ்துவின் உடல்."

லியோவின் கைகள் நீண்டிருக்கின்றன. முகம் மட்டும் பச்சை மேலங்கி போன பக்கம் திரும்பியிருக்கிறது. வாங்குமுன் அவர் சொல்ல வேண்டிய ஆமெனுக்காக அப்பம் அந்தரத்தில் காத்து நிற்கிறது.